டக்ட் இல்லாத வீட்டுக்கு ஏசி வந்த கதை

2024 ஜூன் 18ஆம் தேதி ராத்திரி டில்லியில் இருந்தவர்கள் அந்த ராத்திரியை மறந்திருக்க மாட்டார்கள். பகலில் வெயில் கொளுத்துவதெல்லாம் இந்த ஊரில் ஒரு செய்தியே இல்லை. அதே வருஷம் மே 29ஆம் தேதி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. புலம்பிக்கொண்டே எல்லாரும் ஆபீஸ் போய்விட்டு வந்தோம். ஆனால் அந்த ஜூன் ராத்திரி வேறு மாதிரி. அன்றைக்குப் பதிவான குறைந்தபட்ச வெப்பம் (கவனிக்கவும், குறைந்தபட்சம்) 35.2 டிகிரி. விடியும் வரைக்கும் ஊர் ஆறவே இல்லை.

காலை மூணு மணி இருக்கும், கீழ்வீட்டு அங்கிள் கதவைத் தட்டினார். வீட்டு சொந்தக்காரர், ரிட்டயர்டு அரசு அதிகாரி, எதற்கும் பதட்டப்படாத மனுஷர். "பீஜி எழுந்திருக்க மாட்டேங்கறாங்க. என்னவோ பேசறாங்க, புரியலை" என்றார். பீஜி என்றால் அவருடைய அம்மா. வயசு எண்பத்தி ஆறு. என்னைப் பார்க்கும்போதெல்லாம் "புத்தர், சாப்பிட்டியா?" என்று கேட்பார். பஞ்சாபியில் புத்தர் என்றால் மகனே என்று அர்த்தம். போதி மரத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை :-)

கீழே ஓடினேன். பீஜியின் அறையில் கூலர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தொட்டித் தண்ணீர் எப்போதோ தீர்ந்துபோய், வெறும் அனல் காற்றை அவர் மேல் வீசிக்கொண்டிருந்தது. உடம்பு நெருப்பாக் கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஈரத்துணி சுற்றி, காரில் போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஐஸ் வைத்து... ஆறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: இனிமேல் வெயில் காலத்தில் இவர் குளிர்ந்த அறையில்தான் தூங்கணும்.

நியூஜெர்சியில் இருக்கும் அங்கிளின் பையன் அன்றைக்கே போனில், "வீடு பூரா சென்ட்ரல் ஏசி போட்டுடுங்க, பணம் நான் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டான். அவனுக்கு அது சாதாரண விஷயம். அவன் வீட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லா அறைக்கும் குளிர் போகிறது. அங்கிள் என்னிடம் வந்தார். நான் பார்ப்பது மென்பொருள் வேலை என்றாலும் படித்தது மெக்கானிக்கல். அந்த ஒரே பாவத்துக்காக பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் மோட்டார், கீசர், இன்வெர்ட்டர் எல்லாப் பஞ்சாயத்தும் என் தலையில்தான்.

"இந்த வீட்டில் டக்டே இல்லையே, எப்படிப் போடுவாங்க?" என்று கேட்டார் அங்கிள்.

நல்ல கேள்வி. அதைவிட நல்ல கேள்வி ஒன்று எனக்குள் கிளம்பியது. நம்ம வீடுகளில் ஏன் டக்ட் இல்லை? அவன் வீட்டில் மட்டும் ஏன் இருக்கிறது? அதைத் தேடப்போய் நாலு மாசம் ஓடியது. அதன் சுருக்கம்தான் இது.

அமெரிக்க வீட்டில் டக்ட் ஏசிக்காக வரவில்லை. குளிருக்காக வந்தது. 1895ல் அயோவா மாநிலத்தின் மார்ஷல்டவுன் ஊரில் டேவ் லென்னாக்ஸ் என்பவர் இரும்புத் தகடுகளை ஆணியடித்து இணைத்த ஒரு நிலக்கரி உலையை விற்க ஆரம்பித்தார். வீட்டின் அடித்தளத்தில் உலை எரியும், சூடான காற்று லேசாகி, பெரிய பெரிய குழாய்கள் வழியாகத் தானாக மேலே ஏறி அறைகளுக்குப் போகும். விசிறி கிடையாது. 1919ல் ஆலிஸ் பார்க்கர் என்ற கறுப்பினப் பெண்மணி, எரிவாயுவில் எரிந்து தனித்தனி அறைகளுக்குத் தனித்தனிக் குழாயில் சூடு அனுப்பும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அப்புறம் மின்சார விசிறி சேர்ந்தது, குழாய்கள் மெலிந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அங்கே ஏசி வீடுகளுக்குள் வந்தபோது வேலை பாதி முடிந்திருந்தது. உலையின் தலைமேல் ஒரு குளிர்க் கம்பிச்சுருளை வைத்தால் போதும். குளிர்காலத்தில் சூடு போன அதே குழாயில் கோடையில் குளிர் போகும்.

ஆக, டக்ட் என்பது பனிக்காலம் விட்டுப்போன சொத்து. பனியே பார்க்காத நம்ம ஊரில் அது எப்படி இருக்கும்? டில்லியில் ஜனவரி குளிர் உண்டுதான். அதற்கு அங்கீட்டி என்கிற கரி அடுப்பும், ரஜாயும் போதுமானதாக இருந்தது.

இன்னொரு விஷயம். அமெரிக்காவிலேயே எல்லா வீட்டிலும் டக்ட் கிடையாது. எங்கள் கம்பெனியின் பாஸ்டன் ஆபீஸில் இருக்கும் நண்பர் ஒருத்தர் நூறு வருஷப் பழைய வீட்டில் இருக்கிறார். அங்கே ரேடியேட்டரில் வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்கும். குழாய் உண்டு, ஆனால் தண்ணீர்க் குழாய். அவருக்கும் அங்கிளின் அதே தலைவலி. அங்கே மூணு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, மேல்கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவே டக்ட் ஓட்டி, அலமாரிகளுக்குள் மறைத்துக் கீழ்மாடிக்கு இறக்குவது. இரண்டு, இரண்டே அங்குல வளைகுழாய்களைச் சுவருக்குள்ளே பாம்பு மாதிரி நுழைத்து, காற்றை வேகமாகத் தள்ளுவது. மூணாவது, டக்டே வேண்டாமென்று அறைக்கு ஒரு ஸ்ப்ளிட் மாட்டுவது. நண்பர் கடைசியில் மூணாவது வழிக்குப் போய்விட்டார்.

ஏசி பிறந்த கதையும் தமாஷானது. மனுஷனுக்காக அது பிறக்கவே இல்லை. 1902ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகம். கோடையில் காற்றின் ஈரத்தில் காகிதம் ஊதி, ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம் சரியாக உட்காரவில்லை. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் என்ற 25 வயசு இஞ்சினியர் வரைந்த திட்டம்தான் இன்றைய ஏசியின் ஆரம்பம். 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயர் 1906ல் ஸ்டூவர்ட் கிராமர் வைத்தது. அதுவும் நூல் மில்லுக்காக. காகிதமும் நூலும் சொகுசாக இருந்த பிறகுதான் மனுஷனுக்கு முறை வந்தது. வீட்டுக்கு முதலில் போட்டவர் மினியாபொலிஸ் கோடீஸ்வரர் சார்லஸ் கேட்ஸ். இயந்திரம் 20 அடி நீளம், ஏழடி உயரம். வீடு முடிந்தது 1914ல். அவர் 1913லேயே போய்ச்சேர்ந்துவிட்டார்.

அன்றைய குளிர்வாயுக்கள் அம்மோனியா, சல்ஃபர் டையாக்சைடு மாதிரி ஆபத்தான வகையறா. கசிந்தால் வீட்டோடு காலி. 1930ல் ஃப்ரீயான் அறிவிக்கப்பட்ட பிறகுதான் ஏசி படுக்கையறைக்குள் தைரியமாக நுழைந்தது. அது ஓசோனைத் தின்கிறது என்று தெரிந்து, 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, அதற்கு மூடுவிழா நடந்ததெல்லாம் பின்கதை.

சரி, டில்லிக்குத் திரும்புவோம்.

எங்கள் வீடு இருப்பது சிவில் லைன்ஸில். 1911 டிசம்பர் தர்பாரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். புது டில்லி கட்டி 1931ல் திறக்கிற வரைக்கும் ராஜாங்கம் இந்தப் பக்கம்தான் நடந்தது. 1912ல் கட்டிய பழைய செயலகத்தில்தான் இப்போது டில்லி சட்டமன்றம் கூடுகிறது. அந்தக் காலத்து வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும் தெரு எங்களுடையது. கீழ்வீடு 1930களில் கட்டியது. நாங்கள் இருக்கும் மாடி 1960களில் ஏற்றியது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே யமுனைக் கரையில் மெட்காஃப் ஹவுஸ் இருக்கிறது. இப்போது ராணுவ ஆராய்ச்சி வளாகத்துக்குள். 1830களில் முகலாய தர்பாரில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த தாமஸ் மெட்காஃப் கட்டியது. கோடையில் அந்தத் துரை தரைக்கு அடியில் குடியேறிவிடுவாராம். நிலவறைக்குப் பெயர் தெஹ்கானா. பழைய டில்லி ஹவேலிகளில் இருந்த அதே ஏற்பாடு. பூமிக்குள் வெயில் நுழையாது, அவ்வளவுதான் சூத்திரம்.

தரைக்கு மேலே இருந்தவர்களுக்கு கஸ் தட்டி. கஸ் என்பது நம்ம வெட்டிவேர். (ஆங்கிலத்தில் 'வெட்டிவர்' என்று புழங்கும் சொல்லே தமிழிலிருந்து பிரெஞ்சு வழியாகப் போனதுதான். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) வெட்டிவேரைப் பாயாக முடைந்து கதவு, ஜன்னலில் தொங்கவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேற்கிலிருந்து வீசும் லூ என்னும் அனல்காற்று அந்த ஈரத்தைக் குடித்துக் குளிர்ந்து வாசனையோடு உள்ளே வரும். காற்று இல்லாத நாளைக்கு 1830களில் ஒரு இயந்திரம் கண்டுபிடித்தார்கள். பெயர் தெர்மான்டிடோட், அதாவது சூட்டுக்கு மாற்று மருந்து. ஒரு பெரிய மரப்பெட்டி, பக்கங்களில் நனைத்த வெட்டிவேர், உள்ளே கையால் சுற்றும் துடுப்பு விசிறி. நம்ம டில்லி கூலரின் கொள்ளுத்தாத்தா. மின்சாரத்துக்குப் பதில் ஒரு ஆள்.

அந்த ஆளைப் பற்றித்தான் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. தட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஒருத்தர், பெட்டியைச் சுற்ற ஒருத்தர், உத்தரத்தில் தொங்கும் துணி பங்க்காவை இழுக்க வராந்தாவில் ஒருத்தர். பங்க்கா கயிறு சுவரில் ஓட்டை போட்டு வெளியே வரும், இழுப்பவர் வெளியே உட்கார்ந்திருப்பார். ராத்திரியில் அவர் கண்ணயர்ந்தால் உள்ளே துரைக்கு வியர்க்கும். உதைபட்டே செத்துப்போன பங்க்காக்காரர்களின் வழக்குகள் அந்தக் காலத்து நீதிமன்றக் கட்டுகளில் இருக்கின்றன.

ஐஸும் வந்தது, அமெரிக்காவிலிருந்து. 1833ல் பாஸ்டனிலிருந்து டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸை ஏற்றிக்கொண்டு கிளம்பி, நாலு மாசம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. அனுப்பியவர் ஃப்ரெடரிக் டியூடர். அதே வியாபாரத்துக்காக 1842ல் சென்னைக் கடற்கரையில் எழும்பியதுதான் ஐஸ் ஹவுஸ். 1897ல் விவேகானந்தர் தங்கிய அதே கட்டடம். சென்னையில் பஸ் கண்டக்டர் "ஐசவுஸ்" என்று கத்தும்போதெல்லாம் இதை யார் யோசிக்கிறோம்?

ஏசியில் 1 டன், 2 டன் என்று சொல்கிறோமே, அது அந்த ஐஸ் கணக்குதான். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் கரையும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அதுதான் 1 டன். கிட்டத்தட்ட 3.5 கிலோவாட். சென்ட்ரல் ஏசிக்கு வந்த முதல் காண்டிராக்டர் எங்கள் கீழ்வீட்டுக்கு 11 டன் வேண்டும் என்றார். டஸ்கனியில் கல்கத்தா வந்துசேர்ந்த மொத்த ஐஸும் அந்த வீட்டுக்கு ஒன்பது நாள்தான் தாங்கும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது.

இவ்வளவு டன் ஏன் என்பதற்கு வீட்டின் அமைப்பே பதில். 18 அங்குலச் செங்கல் சுவர், 15 அடி உயரம், சுற்றி வராந்தா, உத்தரத்துக்குக் கீழே அறைக்கு நாலு ரோஷன்தான். ரோஷன்தான் என்றால் உயரத்தில் இருக்கும் சின்ன வெளிச்ச ஜன்னல், கயிறு இழுத்துத் திறப்பது. சூடான காற்று மேலே ஏறி அது வழியாக வெளியே போகும். பகலில் கதவை அடைத்துவிட்டு ராத்திரி எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். தடிச்சுவர் பகல் வெயிலை மெதுவாகக் குடித்து, அது உள்பக்கம் வந்து சேர்வதற்குள் ராத்திரியாகிவிடும். ராத்திரிக் காற்று அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டு முற்றமும் வேறு வழியில் இதே வேலையைத்தான் செய்தது.

அதாவது, இந்த வீட்டைக் கட்டியவர் ராத்திரியை நம்பிக் கட்டினார். ராத்திரியே 35 டிகிரியாக இருந்தால் அந்த நம்பிக்கை என்னாகும்? சுவர் குடித்த சூடு போக இடமில்லாமல் பீஜியின் கட்டிலுக்குத்தான் வந்தது. வீட்டின் மேல் ஒரு தப்பும் இல்லை. வானம் பேச்சு மாறிவிட்டது.

மின்விசிறி வந்து பங்க்காவை ஒழித்தது. அப்புறம் தகரப் பெட்டிக் கூலர் வந்தது, அதில் வெட்டிவேருக்குப் பதில் பெரும்பாலும் மரச்சுருள். கூலரை டில்லிக்காரர்கள் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மே மாசம் 43 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் நல்ல கூலர் 27, 28க்குக் கொண்டுவந்துவிடும். அதுவே ஜூலையில் 34 டிகிரி, 75 சதவீதம் என்றால் 31க்குக் கீழே இறங்காது, கூடவே பிசுபிசுப்பு. போதாததற்கு தொட்டியில் டெங்கு கொசு வளர்கிறதா என்று பார்க்க மாநகராட்சி ஆட்கள் வேறு வருவார்கள்.

ஏசி நம்ம நாட்டில் ரொம்ப நாள் பணக்காரச் சமாச்சாரம். 1943ல் மோகன் அத்வானி பம்பாயில் ப்ளூ ஸ்டார் ஆரம்பித்தபோது, பழைய ஏசி, ஃப்ரிட்ஜ்களைச் செப்பனிடுவதுதான் தொழில். 1954ல் டாடாவும் வோல்கார்ட் பிரதர்ஸும் சேர்ந்து வோல்டாஸ் பிறந்தது. ஆபீஸ், ஹோட்டல், சினிமா தியேட்டருக்கு டக்ட் வைத்த ஏசி. வீட்டுக்கு ஜன்னல் பெட்டி, அதுவும் ஒரே அறைக்கு. ஜப்பானில் 1960களில் வந்த ஸ்ப்ளிட் நம்ம ஊரைப் பிடித்தது ரொம்பப் பின்னால். டக்ட் இல்லாத நாட்டுக்கு அது பொருத்தமான சாமான். சுவரில் மூணு அங்குலத் துளை ஒன்று போதும்.

இப்போது பீஜி அறைக்கு வருவோம். முதல் காண்டிராக்டரின் திட்டம்: எல்லா அறையிலும் பத்தடி உயரத்தில் ஃபால்ஸ் சீலிங், அதற்கு மேலே டக்ட், ரோஷன்தான் எல்லாவற்றையும் செங்கல் வைத்து அடைப்பு, ஏழு இடத்தில் 18 அங்குலச் சுவரை வெட்டுதல், மூணு ஃபேஸ் மின் இணைப்பு. ஒன்பது லட்சம். அவர் தப்பாகச் சொல்லவில்லை. ஏசிக்கு மூடிய பெட்டி வேண்டும், இது திறந்து மூச்சு விடுகிற வீடு. பெட்டியாக மாற்றாமல் முடியாது என்பது அவர் கட்சி. ஆனால் ஒருமுறை அடைத்துவிட்டால் கரண்ட் இல்லாத நாளில் இந்த வீட்டில் ஒருத்தரும் உட்கார முடியாது.

பீஜி ஒரேயடியாக மறுத்துவிட்டார். "நான் செத்த பிறகு என்ன வேணா செய்யுங்க." அங்கிள் கெஞ்சினார், கோபப்பட்டார், நியூஜெர்சி பேரன் வீடியோவில் அழுதான். அவர் அசையவில்லை. வீட்டுக்குள் இரண்டு வாரம் சரியான பேச்சுவார்த்தை இல்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஜூனுக்குள் ஏதாவது செய்தாக வேண்டும், இன்னொரு தரம் அந்த மாதிரி ஒரு ராத்திரி வந்தால் அவர் திரும்பி வரமாட்டார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

தீர்வு கிடைத்தது தற்செயலாக. குளிர்காலத்தில் ஒருநாள் டேப் எடுத்துக்கொண்டு நடையில் நின்று அளந்துகொண்டிருந்தேன். பீஜியின் அறைக்கும் அங்கிள் அறைக்கும் நடுவே ஒரு நடை, அதன் மேலே ஒன்பதடி உயரத்தில் பரண். பழைய டிரங்குப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். அந்தப் பரணுக்கு நேராக, இரண்டு அறையின் உள்சுவரிலும் ஒவ்வொரு ரோஷன்தான். இரண்டடிக்கு ஒன்றரையடி.

2 டன் ஏசிக்கு நிமிஷத்துக்குச் சுமார் 800 கன அடி காற்று வேண்டும். அதற்குத் தேவையான டக்ட் ஒரு சதுர அடி சுமார். ரோஷன்தான் மூணு சதுர அடி! சுவரில் வெட்ட வேண்டிய ஓட்டையை 1930களிலேயே எவரோ ஒரு கொத்தனார் விட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டாவது காண்டிராக்டரிடம் காட்டினேன். பரணில் படுக்கவைக்கிற மாதிரி 2 டன் டக்டபிள் யூனிட் ஒன்று. இரண்டு பக்கமும் குட்டை டக்ட், உள் ரோஷன்தான் வழியாக இரண்டு அறைக்கும் காற்று. திரும்பி வரும் காற்றுக்கு நடைப்பக்கக் கதவுகளின் மேல்பலகையில் ஜாலி. வெளி ரோஷன்தான்களை அடைக்க வேண்டாம், ரப்பர் பட்டி வைத்த கண்ணாடிக் கதவு போதும். ஃபால்ஸ் சீலிங்கும் வேண்டாம். குளிர்காற்று கனமானது, கீழே வந்து கட்டில் உயரத்தில் தங்கும். 15 அடிக்கு மேலே கொஞ்சம் சூடு இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே யாரும் தூங்கவில்லை. செலவு இரண்டரை லட்சம்.

அங்கிளுக்கு சந்தோஷம். ஆனால் வரைபடத்தைப் பார்த்த பீஜி ஒரே ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இது என்ன?"

வெளி யூனிட். பின்சந்துச் சுவரில் ஏழடி உயரத்தில்.

"சூடு எங்கே போகும்?"

"வெளியே, பீஜி."

"வெளியேன்னா?"

அந்தச் சுவரை ஒட்டி வேப்பமரத்தடியில்தான் இஸ்திரிக்காரர் மேஜை போட்டிருக்கிறார். கரிப்பெட்டியோடு முப்பது வருஷமாக. கணக்குப் போட்டால், அறையிலிருந்து எடுக்கும் 7 கிலோவாட், இயந்திரம் தின்னும் மின்சாரம் 2 கிலோவாட், ஆக 9 கிலோவாட் சூடு அவர் தலைமேல் விழும். சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. இஞ்சினியரிங் படித்தவனுக்குத் தோன்றவில்லை.

பீஜி அப்போதுதான் சொன்னார். லாகூரில் அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது தாத்தா வீட்டில் கஸ் தட்டி உண்டு. மத்தியானம் எல்லாரும் உள்ளே படுத்திருப்பார்கள். தட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பையன், அவர் வயசுதான், ஏழெட்டு இருக்கும். "தட்டியில தண்ணி விழற சத்தம் கேட்டுட்டே நான் தூங்குவேன். அவன் லூ காத்துல நிப்பான். ஒருநாள் சத்தம் நின்னுபோச்சு. உள்ளேருந்து யாரோ திட்டினாங்க. வெளியே போய்ப் பார்த்தா விழுந்து கிடந்தான்." அப்புறம் என்ன ஆனான் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. 1947ல் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டது. "ஏசி வேணாம்னு நான் சொல்லலை புத்தர். நான் குளிர்ந்து, இன்னொருத்தன் வேகறது வேணாம்."

வெளி யூனிட்டை எங்கள் மொட்டை மாடிக்கு ஏற்றினோம். செம்புக் குழாய் நீளம் முப்பதடி கூடியது, பதினெட்டாயிரம் அதிகம். குழாய் நீண்டால் குளிர் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. மாடியில் எங்களுக்குத்தான் சத்தம். தங்கமணி முதலில் முறைத்தார். அப்புறம் பீஜி கதையைக் கேட்டதும் ஒன்றும் சொல்லவில்லை.

2025 மார்ச்சில் வேலை முடிந்தது. முதல் ஜூலையிலேயே பரணிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வடிகால் குழாய்க்குச் சாய்வு சரியில்லை, டக்டின் ஒரு மூட்டில் இன்சுலேஷன் விட்டிருந்தது, மழைக்கால ஈரம் அங்கே வியர்த்துக் கொட்டியது. காண்டிராக்டரை நாலு தரம் கூப்பிட்டு அலுத்து, ஐந்தாவது தரம் வந்து சரிசெய்தார். டக்ட் போட நினைப்பவர்கள் இந்த இரண்டையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். வரியிலும் ஏமாந்தோம். 2017லிருந்து 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, நாங்கள் வாங்கி ஆறு மாசத்தில், 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. எங்கள் ராசி அப்படி.

பீஜி அந்தக் கோடை முழுக்க 26 டிகிரியில், மின்விசிறியை மெதுவாக வைத்துக்கொண்டு தூங்கினார். ஒருநாளும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. அக்டோபர் வந்ததும் ஏசியை நிறுத்தச் சொல்லிவிட்டு, ரோஷன்தான் கயிறை இழுத்துத் திறக்கச் சொன்னார். திறந்தது. செங்கல் வைத்து அடைத்திருந்தால் திறந்திருக்காது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஊரில் பழைய வீடு வைத்திருப்பவர்கள், அப்பா அம்மாவுக்கு ஏசி போட வேண்டும் என்று இங்கிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ பணம் அனுப்புகிறவர்கள், ஃபால்ஸ் சீலிங்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒருதரம் அண்ணாந்து பாருங்கள். தேவையான ஓட்டையை எவரோ ஏற்கெனவே விட்டுவைத்திருக்கலாம். அப்படியே வெளியே போய், சூடு யார் மேல் விழப்போகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

இஸ்திரிக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. போன வாரம் சட்டை கொடுக்கப் போனபோது, "மேலே புதுசா ஏதோ சத்தம் கேக்குதே சார், என்ன அது?" என்றார். பீஜிக்கு ஏசி போட்டிருக்கோம் என்றேன். "நல்லது செஞ்சீங்க, அந்த அம்மாவுக்கு வயசாச்சு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் கரியை ஊத ஆரம்பித்தார்.